மேகம் பதிவாகாது

ஜூன் 28

அக்கா,

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. அம்மா எடுத்து, "பெரியவ வண்டி கத்துக்குடுக்கப் போயிருக்கா" என்கிறாள். பின்னாலிருந்து நீ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்கிறது. அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. வயசான காலத்தில் அவளை ஏன் சிரமப்படுத்த வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். படித்துவிட்டு அழி, இல்லை படிக்காமலே அழி. உன் இஷ்டம்.

போட்டி நடக்கும் இந்த நாட்டுக்கு என் கிளைடர் பத்திரமாக வந்து சேர்ந்தது என்று சொல்ல ஆசை. விமானத்தில் ஏற்றியவர்கள் அதன் மேல் ஏறி நடனம் ஆடியிருக்கிறார்கள் போல. சிறகுத் துணிக்குள் செருகும் கம்பிகளில் ஒன்று வளைந்து கிடந்தது. நானும் வாத்தியாரும் சிமென்ட் தரையில் சாக்பீஸால் சரியான வளைவை வரைந்து, கம்பியை அதன் மேல் வைத்து, முழங்காலால் அமுக்கி அமுக்கி நேராக்கினோம். வாத்தியார் அணித் தலைவர் ஆனதிலிருந்து ரொம்ப மும்முரம். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர் இங்கேயும் எல்லோருக்கும் வீட்டுப்பாடம் கொடுக்கிறார். நாளைய காற்றின் வேகத்தை நான் எழுதிக் காட்ட வேண்டுமாம்.

தங்கியிருக்கும் அறை ஒரு டயர் கடைக்கு மாடியில். விடிந்தால் காற்றடிக்கும் மெஷின்தான் எழுப்புகிறது. நான் எங்கே போய் இறங்கினாலும் தேடி வந்து அழைத்துப் போக ஒரு அம்மாவை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். முன்பு பால் லாரி ஓட்டியவராம். அவர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. முதல் நாள் என்னைக் காட்டி, வானத்தைக் காட்டி, நெற்றிப்பொட்டில் விரலை வைத்துத் திருகினார். அது மட்டும் புரிந்தது.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நாம் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

தேர்வுப் போட்டியின் கடைசி நாளில் நீ மேகத்துக்குள் போனதாக ஒருவர் புகார் கொடுத்தார். அப்போது உனக்கு நேர் கீழே சுற்றிக்கொண்டிருந்தவள் நான். கமிட்டியில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். உன் அன்றைய மதிப்பெண் போயிற்று, ஒரு வருடத் தடையும் வந்தது. அணியில் உனக்கு இருந்த இடம் அடுத்து நின்ற எனக்கு வந்தது. அந்த இடத்துக்கு ஆசைப்பட்டுத்தான் சொன்னேன் என்று நீ நினைக்கிறாய். நினைக்கவில்லை என்றால், அன்று வீடு வந்து சேரும் வரை வண்டியில் பாட்டை அலற விட்டுக்கொண்டே வந்தாயே, அதற்கு என்ன அர்த்தம்?

மேகத்துக்குள் போகக்கூடாது என்ற விதியை எனக்கு முதலில் சொன்னவளே நீதான். உள்ளே ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, முட்டிக்கொண்டால் இரண்டு உயிர் போகும் என்றாய். கமிட்டி கேட்டபோது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கண்ணில் தூசி விழுந்தது என்றா?

அம்மா முட்டியை மடக்குகிறாளா? ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயை அனுப்பு. இங்கிருந்தே பார்த்துச் சொல்கிறேன்.

சின்னவள்


ஜூன் 30

சின்னவளுக்கு,

அம்மா மடக்குகிறாள். பயிற்சி கொடுக்க வரும் பெண்ணுக்குப் 'போலீஸ்' என்று பெயர் வைத்திருக்கிறாள். அந்தப் பெண் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் தூங்குவதுபோல நடிக்கிறாள். எக்ஸ்ரே அனுப்பியிருக்கிறேன்.

டிரைவிங் ஸ்கூலில் கூட்டம் அதிகம். புதிதாக ஒரு ரிட்டயர்டு அதிகாரி சேர்ந்திருக்கிறார். பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்தே மிதிக்கிறார். ஏன் சார் என்றால், "எது வேலை செய்யுதுன்னு பாக்கறேம்மா" என்கிறார். வீட்டுக்கு வந்தால் பேச எனக்குத் தெம்பு இருப்பதில்லை. நீ கூப்பிடும் நேரத்தில் பாத்திரம் தேய்ப்பதும் உண்மைதான்.

உன் கேள்விக்குப் பதில். கமிட்டி கேட்டபோது நீ பார்த்ததைச் சொன்னதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பொய் சொல்லியிருந்தால் உன்னை அங்கேயே அறைந்திருப்பேன். உள்ளே போனேன், மதிப்பெண் போயிற்று, சரி.

ஆனால் நீ அதோடு நிறுத்தவில்லை. "கீழ எறங்க கைப்பிடிக் கம்பியை இழுக்கவே இல்ல. நிதானமா இன்னொரு சுத்து சுத்தினா. தெரிஞ்சேதான் போனா" என்று சொன்னாய். நான் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கட்டடத்தில் சுவர் எல்லாம் அட்டை. தடை வந்தது மேகத்துக்காக இல்லை, உன்னுடைய அந்த ஒரு வார்த்தைக்காக. 'தெரிஞ்சே.'

நீ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வாய். எப்படி விழுந்தான், ஏன் விழுந்தான் என்றும் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாயா? என் மண்டைக்குள் இருந்தது உனக்கு எந்தப் படத்தில் தெரிந்தது?

இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

நீ பறக்கப்போகும் இடம் சமவெளி என்பதால் ஒன்று மட்டும் எழுதுகிறேன். உன்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஏறுகாற்று செத்துப்போன பிறகும் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பாய், எழுந்து போகத் தெரியாத விருந்தாளி மாதிரி. விட்டுவிட்டுக் கிளம்பு. பறவை சுற்றினால் நம்பு. மனிதன் சுற்றினால் நம்பாதே, அவனும் உன்னைப்போலத் தேடிக்கொண்டிருப்பான்.

அக்கா


ஜூலை 3

அக்கா,

எக்ஸ்ரே பார்த்தேன். மூட்டு அழகாக உட்கார்ந்திருக்கிறது. அம்மாவிடம் நடிப்பை நிறுத்தச் சொல்.

இன்று நான் மூன்றாவதாக வந்தேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடிதம் முடியும்போது அதற்கு ஏதாவது மதிப்பு மிஞ்சுமா என்று தெரியவில்லை.

காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. மேட்டின் மேல் கிளைடர்கள் எல்லாம் மூக்கைத் தரையில் வைத்து வரிசையாகப் படுத்திருந்தன. பாதை இதுதான். மேட்டிலிருந்து தானியக் கிடங்கு இருக்கும் ஊர் வரை கிழக்கே, அங்கே திரும்பித் தெற்கே ஆற்றுப்பாலம், அதைத் தொட்டுவிட்டு இப்போது யாரும் பயன்படுத்தாத ஒரு விமான ஓடுதளத்தில் இறங்க வேண்டும். பஸ்ஸில் போனாலே அரை நாள் ஆகும் தூரம். எனக்கு முன்னால் ஓடியவன் கால் இடறி, மூக்குக் குத்தி, கைப்பிடிக் கம்பியை வளைத்துக்கொண்டான். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு அடுத்ததாக ஓடுவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஓடினேன். கால் தரையைத் தேடியது, தரை இல்லை. அந்த இடம் மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.

முதலில் நாய் படாத பாடுதான். ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து, ஒரு கல்குவாரிக்கு மேல் வந்தபோது ரொம்பத் தாழ்ந்துவிட்டேன். குவாரியில் வேலை செய்தவர்களின் தலைக்கவச நிறம்கூடத் தெரிந்தது. இறங்குவதற்கு ஒரு வயலைத் தேர்ந்து, படுத்துப் பறக்கும் பையிலிருந்து காலை வெளியே எடுத்தும் விட்டேன். வலது பக்கம் நாலைந்து கிளைடர்கள் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இடது பக்கம் குவாரி விளிம்பில் ஒற்றைப் பருந்து. நீ எழுதியது ஞாபகம் வந்தது. பருந்துப் பக்கம் போனேன். அது சிறகை அசைக்காமல் ஏறியது, அதன் பின்னால் நானும் ஏறினேன். கூட்டமாகச் சுற்றியவர்கள் ஒவ்வொருவராக வயலில் உட்கார்ந்தார்கள். இதற்கு மட்டும் உனக்கு நன்றி.

கிடங்கைச் சுற்றிவிட்டுத் தெற்கே திரும்பியதும் பெரிய மேகம் ஒன்று இருந்தது. அதன் அடி கரிப்பிடித்த இரும்புச் சட்டியின் அடிபோலத் தட்டையாக, கறுப்பாக இருந்தது. அதன் கீழே ஐந்து பேர் சுற்றினோம். நானும் ஒரு சிவப்புக் கிளைடரும் மேலே ஒரே உயரத்தில், மற்றவர்கள் கீழே. ஏறும்போது கீச் கீச் என்று கத்தும் கருவி, மூச்சே விடாமல் ஒரே கீச்சாகக் கத்த ஆரம்பித்தது. போதும், கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். பாலத்தின் பக்கம்தான் வெளியே போக வேண்டும், அந்தப் பக்கம் சரியாகச் சிவப்புக்காரன் வந்துவிட்டான். அவன் மேல் போய் முட்ட முடியாது. இன்னொரு சுற்று சுற்றினேன். அந்தச் சுற்று முடிவதற்குள் அவன் வெளியே போய்விட்டான். எனக்கு வெளியே என்பதே இல்லாமல் போயிற்று.

மேகம் பஞ்சு மாதிரி இருக்கும் என்று சின்ன வயசில் படித்தோம். பஞ்சு இல்லை. நனைத்த வெள்ளைத் துணியை முகத்தில் போட்டு மூடியதுபோல இருந்தது. என் சிறகின் நுனியே எனக்குத் தெரியவில்லை. கம்பியை வயிறு வரைக்கும் இழுத்துப் பிடித்தேன். வேகமாகப் போகிறாய் என்று காது சொன்னது. இன்னும் ஏறுகிறாய் என்று கருவி கத்தியது. நீ நேராகப் போகவே இல்லை, சுழல்கிறாய் என்று உடம்பு சொன்னது. மூன்றில் எதை நம்புவது? கையுறை நனைந்து விறைத்துவிட்டது. உள்ளே வேறு யாராவது இருந்தால் கேட்கட்டும் என்று கத்தினேன். என் குரல் பக்கத்து அறையில் யாரோ கூப்பிடுவதுபோலக் கேட்டது. எவ்வளவு நேரம் என்று கேட்காதே. எனக்குத் தெரியாது.

பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு வெயிலுக்குள் வந்து விழுந்தேன். மற்ற நான்கு பேரும் எனக்கு வெகு கீழே, தரையில் ஊர்கிற பூச்சிகள்போல இருந்தார்கள். யாரும் மேலே பார்க்கவில்லை. அவ்வளவு உயரம் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் முடிவுக்குப் போகலாம். பாலத்தைத் தொட்டுவிட்டு, ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் நேராக ஓடுதளத்துக்கு வந்து இறங்கினேன். பால் லாரி அம்மா கைதட்டினார். வாத்தியார் பாதி வழியில் இறங்கி, வண்டியில் வந்து சேர்ந்தார்.

"அந்த உயரம் எங்கம்மா புடிச்சே?"

"மேகத்துக்கு அடியில நல்லா தூக்குச்சு சார்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. முழுசாக உண்மையும் இல்லை.

எங்கள் கருவிகளிலிருந்து பாதையை எடுத்துக் கணினியில் போட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். உயரம் பதிவாகும், மேகம் பதிவாகாது. ஒவ்வொரு மேகத்தின் அடியும் ஒவ்வொரு உயரத்தில் இருக்கும் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. பலகையில் மூன்றாவது வரியில் என் எண் இருந்தது. அணியும் நாலைந்து இடம் மேலே ஏறிவிட்டது.

அக்கா, நான் கம்பியை இழுத்துக்கொண்டுதான் இருந்தேன். கீழே சுற்றியவர்களில் யாராவது நிமிர்ந்து பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? நிதானமாக இன்னொரு சுற்று சுற்றினாள், மறைந்துபோனாள். அவ்வளவுதான் தெரியும். இழுத்த கை தெரியாது, ஏனென்றால் அவ்வளவு கீழேயிருந்து பார்த்தால் கையும் வயிறும் ஒரே நிழலாகத்தான் இருக்கும்.

அன்று நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னேன்.

இங்கே இன்னும் யாரிடமும் பேசவில்லை.

சின்னவள்


ஜூலை 4

அடியே,

வாயை மூடிக்கொண்டு இரு.

இதை வண்டியிலேயே உட்கார்ந்து அவசரமாக அடிக்கிறேன். ரிட்டயர்டு அதிகாரி வெளியே நின்று, எனக்கு யாரோ தவறிவிட்டார்கள் என்ற முகத்தோடு கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நீ செய்ய வேண்டியதைச் செய்தாய். கம்பியை இழுத்தாய், பிடித்த பிடியை விடவில்லை, வெளியே வந்தாய். முழுசாக இருக்கிறாய். கை கால் நடுக்கம் நின்றதா? நிற்காவிட்டால் சூடாக எதையாவது குடித்துவிட்டு ஒரு தடவை அழுதுவிடு. அதை அடக்கி வைத்துக்கொண்டு நாளைக்குப் பறக்காதே.

மற்றதை விடு. என் விஷயத்தில் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், சொன்னாய். இப்போது உன்னை யார் கேட்டார்கள்? அந்தப் போட்டியில் இருக்கிற பாதிப் பேர் ஏதாவது ஒரு வருஷம் அந்த வெள்ளைக்குள் போய் வந்தவர்கள்தான். எல்லோரும் வரிசையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தால் பறக்க ஆள் இருக்காது. நம் பக்கத்திலிருந்து போன எந்தப் பெண்ணும் அந்தப் பலகையில் மூன்றாவது வரியில் வந்ததில்லை. அந்த இடம் என்னிடமிருந்து போன இடம். போனதாவது உருப்படியாகப் போகட்டும்.

காலையில் உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மேகத்துக்குள் நீ கத்தினாய் என்ற இடம் வந்ததும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜன்னல் வரை நடந்துவிட்டாள். போலீஸ் இரண்டு வாரமாகச் சொல்லியும் நடக்காதவள். திரும்பி வந்து உட்கார்ந்து, "அவ சொல்லிருவா. பல்லு விளக்காம ஸ்கூலுக்குப் போனா, அதைக்கூட டீச்சர்கிட்ட அவளே போய்ச் சொல்லிட்டு வருவா" என்றாள்.

அம்மா சொன்னது பலிக்கக்கூடாது. கேட்கிறதா?

அக்கா


ஜூலை 4

அக்கா,

உன் கடிதம் வந்தபோது நான் மேட்டில் இருந்தேன். அதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்.

முதலில் வாத்தியாரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அணியின் மதிப்பெண்ணும் சேர்ந்து போகும், அவருக்குத் தெரியாமல் செய்வது சரியில்லை. டயர் கடை வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவசரப்பட்டுத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீ வேணும்னு போகலையே?"

"இல்ல சார்."

"யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கும்மா? சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா இருக்கு."

"சார், வேணும்னு போகாட்டியும் அந்த உயரம் மேகம் குடுத்தது. அதுலதான் நான் மூணாவது வந்தேன்."

அவர் காப்பியைக் கடைசி வரை குடித்தார். "நீ ஒருத்தி மட்டும் வந்திருந்தா உன் இஷ்டம்னு விட்டுருவேன். எங்க எல்லாருடைய பரீட்சைப் பேப்பரையும் சேத்துல்ல கிழிக்கப் போற" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "சாரி சார்" என்றேன். "போ, போய்ச் சொல்லிட்டு வா. எனக்குக் கேக்க வேண்டாம்" என்று உள்ளே போய்விட்டார்.

போட்டி இயக்குநர் ஒரு பெண்மணி. கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, கையில் எப்போதும் வாக்கி-டாக்கி. மேகத்துக்குள் பறந்ததாக ஒரு புகார் என்றேன். பேனாவை எடுத்துக்கொண்டு, யார் மேல் என்று கேட்டார். என் மேல் என்றேன். யார் புகார் கொடுப்பது என்றார். நான்தான் என்றேன். எனக்கு அவருடைய மொழி சரியாக வரவில்லை என்று நினைத்து இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் வந்து, நான் மறுபடியும் சொல்லி, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு இயக்குநர் கேட்ட கேள்வி இது: தெரிந்து போனாயா, தெரியாமல் போனாயா?

அக்கா, எதைச் சொல்வது? சிவப்புக்காரன் வழியில் இருந்தான் என்பது உண்மை. ஆனால் அவன் வருவதற்கு முன்னாலேயே நான் கிளம்பியிருக்கலாம். கருவி அப்படிக் கத்தும்போது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஒரு ஆசை வருமே, அதுவும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. உள்ளே போனேன், வெளியே வந்தேன், அந்த உயரத்தை வைத்து முடிவுக்கு வந்தேன் என்று மட்டும் சொன்னேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைய மதிப்பெண்ணை அடித்துவிட்டு, வேறு தண்டனை இல்லை என்றார். கை கொடுத்தார். அணி எங்கிருந்து ஏறியதோ அங்கேயே இறங்கிவிட்டது.

இன்று பறந்தேன், ஆனால் பறந்தேன் என்று சொல்ல முடியாது. மேகம் தூரத்தில் இருக்கும்போதே விலகி விலகிப் போய், சீக்கிரமே ஒரு தோட்டத்துக்குப் பக்கத்தில் இறங்கினேன். பால் லாரி அம்மா வந்து, கிளைடரை மடிக்க உதவி செய்து, எதுவும் கேட்காமல் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும். இங்கே எல்லோருக்கும் தெரியும். சிலர் தோளில் தட்டுகிறார்கள், சிலர் பார்க்காததுபோல நகர்கிறார்கள். வாத்தியார் காற்றின் வேகத்தைக்கூட என்னிடம் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம். நம் கமிட்டித் தலைவருக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் அனுப்பியது தப்பாக இருக்கலாம். அதில் எழுதியது இவ்வளவுதான்: "என் அக்கா மேகத்துக்குள் போனதைப் பார்த்தேன். அதை மாற்றவில்லை. 'தெரிந்தே போனாள்' என்று நான் சொன்னதை மட்டும் எடுத்துவிடுங்கள். அது நான் பார்த்தது இல்லை, நினைத்தது."

சின்னவள்


ஜூலை 8

சின்னவளே,

நீ ஒரு முட்டாள். அதை எழுதிவிட்டு மேலே போகிறேன்.

கடைசி இரண்டு நாளும் மழையால் போட்டி ரத்து என்று இணையத்தில் பார்த்தேன். ஆக, நீ விட்டுக் கொடுத்த மூன்றாவது இடத்தைத் திரும்பப் பிடிக்க வழியே இல்லாமல் போயிற்று. நாலு நாள் உன் மேல் எனக்கு இருந்த கோபத்தை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. வாத்தியார் கோபப்படுவதும் சரிதான். அவரிடம் போய்ப் பேசு. அவர் பேசாவிட்டாலும் நீ பேசு. நான் இங்கே இரண்டு மாதம் பாத்திரம் தேய்த்துப் பார்த்துவிட்டேன், அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கமிட்டித் தலைவர் நேற்று கூப்பிட்டார். அவர் மாட்டு டாக்டர் என்பது உனக்குத் தெரியும். ஏதோ ஒரு தொழுவத்தில் நின்று பேசினார் போல, பின்னாலிருந்து ஒரு கன்று கத்திக்கொண்டே இருந்தது. நான் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ஓரமாக நிறுத்தச் சொன்னேன். ரிட்டயர்டு அதிகாரி முதல் தடவையாக ஒரே பெடலை மிதித்து நிறுத்தினார்.

"உங்க தங்கச்சி எழுதியிருக்காங்க. அந்த வார்த்தையை எடுத்துட்டா தடையைப் பத்தி மறுபடியும் பேசலாம். நீங்க தெரியாமத்தான் போனேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

இரண்டு வரிதான் கேட்டார். இரண்டு மாதமாக நான் மனசுக்குள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். நான் இழுத்தேன், அவளுக்குத் தெரியவில்லை, இழுத்தேன், இழுத்தேன் என்று. உன் கடிதத்தில் அந்தச் சிவப்புக்காரன் வந்த இடத்தைப் படித்த பிறகு, எனக்கு யார் வழியை மறித்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. நீ எனக்குக் கீழே இருந்தாய். வெளியே போகிற பக்கம் திறந்துதான் இருந்தது. கம்பியை இழுத்தேன் என்பது சத்தியம். அதற்கு முந்தின அந்த ஒரு சுற்றை ஏன் சுற்றினேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. எவ்வளவு தோண்டினாலும் வரவில்லை.

"டாக்டர், நான் உள்ள போனேன். தெரிஞ்சா தெரியாமலான்னு எனக்கே சரியாத் தெரியல. அதையே எழுதிக்குங்க."

"அப்படி எழுதறதுக்கு எடம் இல்லம்மா. ரெண்டுல ஒண்ணுதான் டிக் பண்ணணும்."

"அப்ப காலியா விடுங்க."

கன்று மறுபடியும் கத்தியது. கூட்டத்தில் வைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். தடை நீங்கினாலும் நீங்கலாம், நீங்காமலும் போகலாம். எனக்கு அதில் அக்கறை இல்லை என்று பெருமைக்குச் சொல்ல மாட்டேன். இருக்கிறது. நாம் பறக்கும் மேட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வண்டியின் வேகத்தைக் குறைத்து மேலே பார்க்கிறேன்.

வண்டியைக் கிளப்பச் சொன்னேன். அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏதாவது கெட்ட செய்தியாம்மா?" என்றார். இல்லை சார், கண்ணாடியைப் பாருங்கள், இண்டிகேட்டர் போடுங்கள் என்றேன்.

அம்மா இப்போது ஜன்னல் வரை தானாகவே நடக்கிறாள். நீ சொல்லிவிட்டாய் என்றதும், "நான் சொல்லல?" என்று என்னைப் பார்த்தாள். அப்புறம், "ரெண்டு பேரும் எப்பவாவது ஒரே சமயத்துல புத்தியா இருந்திருக்கீங்களா?" என்றாள்.

இன்னொன்று கேட்க வேண்டும். இதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன், மற்றதெல்லாம் இதற்குள் நுழைய வழி தேடியது.

உள்ளே இருந்தபோது உடம்பு சுழல்வதுபோல இருந்தது என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் அப்படித்தான். இடது பக்கமாகச் சுழன்றுகொண்டே இருந்தேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியே வந்து பார்த்தால் வலது பக்கம் சாய்ந்து கிடந்தேன். எல்லாம் தலைகீழ். அதை யாரிடமும் என்னால் கேட்க முடியவில்லை. கேட்டால், உள்ளே நடந்ததைப் பேச வேண்டும், பேசினால் அது வாக்குமூலம் ஆகிவிடும். அன்றிலிருந்து படுத்துக் கண்ணை மூடினால் கட்டில் இடது பக்கமாகத் திரும்புகிறது. விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன். நான் அங்கே ரொம்பப் பயந்துபோனேன், சின்னவளே. இது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

உனக்கு எந்தப் பக்கம்?

அக்கா